வெறும்படம்

“உது கள்ளப்படம்,” எண்டார் மார்க்கண்டர். படத்தை இன்னும் பாக்கவேயில்லை, தீர்ப்புச் சொல்லிப்போட்டார்.

மார்க்கண்டரின்ரை விறாந்தையிலைதான் கொழும்பு பஞ்சலிங்கம் வந்து குந்தியிருந்தார். போன வருசம் செத்துப்போன, படம் பிடிக்கிற தியாகலிங்கத்தின்ரை படங்களை மதிச்சு வாங்கிறதுக்கெண்டு வந்த மனுசன். உடுப்பிட்டி ஊரிலை பாதிச்சனம் வீட்டு முத்தத்திலை நிண்டுது.

தியாகலிங்கத்தின்ரை சங்கதி வேறை. செத்தவீட்டிலை பெட்டியைச் சுத்திச் சொந்தக்காரரை நிப்பாட்டி ஊர் வழக்கப்படி ஒரு படம் எடுப்பான். ஆம்பிளையள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போன கையோடை, அதே இடத்திலை நிண்டு இன்னொண்டு. அதிலை ஆக்களும் இல்லை, பெட்டியும் இல்லை. தரையிலை நாலு பூ, அவ்வளவுதான். வீடு கழுவிற பொம்பிளையள் வாளியோடை நிண்டு, உந்த விசரன் எப்ப முடிப்பான் எண்டு புறுபுறுப்பினம்.

“போனவரை எடுத்தாச்சு. இது அவர் இல்லாததை எடுத்தது” எண்டு சொல்லி, சோடியாய்த்தான் குடுப்பான். சனம் அதுக்கு வெறும்படம் எண்டு பேர் வைச்சுது. மார்க்கண்டர் வீட்டிலை அது கனகாலம் அரிசிப்பானைக்கு மூடி. இப்ப கொழும்பார் கலை எண்ட உடனை, தூசு தட்டி முதல் ஆளாய் வித்ததும் அவர்தான்.

பக்கத்து வீட்டு அருந்ததி கடைசியாய் வந்தவள். புருசன் இல்லை. கூரை ரண்டு வருசமாய் மேயேல்லை, மழை அந்தா இந்தா எண்டு நிக்குது. புருசன்ரை செத்தவீட்டிலை எடுத்த இந்த வெறும்படம் விலைபோனால்தான் கூரைக்கு ஓலை. படத்தைப் பஞ்சலிங்கத்திட்டை நீட்டினாள்.

பஞ்சலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். “தங்கச்சி, தரை ஈரமாய்க் கிடக்கு. வீடு கழுவ முந்தி எடுக்கிறதுதானே அவரின்ரை வெறும்படம். ஈரத் தரையிலை அவர் ஒண்டும் எடுக்கேல்லை.”

“கூரை ஒழுகியிருக்கும்,” எண்டார் மார்க்கண்டர். முத்தத்திலை நிண்ட சனம் சிரிச்சுது.

சோடிப்படம் எங்கை எண்டு பஞ்சலிங்கம் கேட்டார். துலைஞ்சுபோச்சு எண்டாள். சொல்லேக்கையே பனையோலைப் பையை நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சாள்.

மார்க்கண்டருக்கு அது போதுமாயிருந்துது. “அந்தச் செத்தவீட்டிலை முன்னுக்கு நிண்டு எல்லாம் பாத்தவன் நான். தியாகலிங்கம் அந்தப் பக்கமே வரேல்லை.”

அருந்ததி அவரைப் பாத்தாள். மேலை வானம் உறுமிச்சுது.

பஞ்சலிங்கம் திருப்பிக் குடுக்கிறதுக்கு முதல், பூதக்கண்ணாடியைக் கடைசித்தரம் படத்திலை வைச்சார். வைச்சவர் எடுக்கேல்லை.

ஈரத் தரை மினுக்கத்துக்குள்ளை ஒரு ஆள் தலைகீழாய் நிண்டான். வேட்டியை மடிச்சுக் கட்டி, ஒரு கையிலை விளக்குமாறு, மற்றக் கை கமராவிலை. மூஞ்சையிலை தியாகலிங்கம் எப்பவும் போடுற வட்டக் கண்ணாடி.

“இவரே தங்கச்சி வீடு கழுவினவர்? பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையே?” பஞ்சலிங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அருந்ததி கிட்டப் போனாள். துலைஞ்சுபோச்சு எண்ட படத்தைப் பைக்குள்ளை இருந்து பாதி எடுத்து, அவருக்கு மட்டும் காட்டினாள். பெட்டி. பக்கத்திலை கைக்குழந்தையோடை அவள். வேறை ஒரு காக்காய் இல்லை.

“என்ரை மனுசனுக்குக் கசநோய். தொத்தும் எண்டு அயல் முழுக்க வாசல் படலையைச் சாத்திப்போட்டுது. பெட்டி தூக்கினதும் கூலியாக்கள்தான்,” எண்டாள் மெல்லமாய்.

பஞ்சலிங்கம் நிமிந்தார். தியாகலிங்கம் தன்னை எடுத்த ஒரே படம் இதுதான் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். கூரை மேய்ஞ்சு மிஞ்சிற மாதிரி விலையும் சொன்னார். மற்றதையும் தந்தால் இரட்டிப்பு, சோடியாய்க் கொழும்பிலை சனம் பாக்கத் தொங்கவிடலாம் எண்டார்.

“அது விக்கிறதுக்கில்லை,” எண்டாள். படம் திரும்பப் பைக்குள்ளை போச்சு.

மார்க்கண்டர் கழுத்தை நீட்டினார். “இப்பதான் ஞாபகம் வருது. தியாகலிங்கம் வந்தவன்தான். உந்தப் படத்திலை நானும் நிப்பனே பிள்ளை?”

அருந்ததி பையின்ரை வாயை இறுக்கிக் கட்டினாள்.

“ஓம் அண்ணை. முன்னுக்குத்தான் நிக்கிறியள்.”