எரியாத பொம்மைகள்

சசிரேகாவின் சாப்பாட்டுப் பையை வாங்கி, கல்லா மேசை மேல் கவிழ்த்தார் தணிகாசலம். டிபன் பாக்ஸோடு சேர்ந்து, சட்டைப் பொத்தான் அளவில் பதினேழு பதினெட்டு பேட்டரிகள் உருண்டு விழுந்தன.

"இன்னாம்மா இது?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

படப்பையில் தணிகாசலத்தின் ஃபேன்சி ஸ்டோருக்கு ஒரு மாதமாகவே கெட்ட பேர். வாங்கிப் போன பொம்மையில் லைட் எரியவில்லை, பாட்டு வரவில்லை என்று தினம் யாராவது திரும்பி வந்தார்கள். சரக்கு அனுப்பியவனைப் போனில் திட்டித் தீர்த்தார் அவர். இன்று கேமராவை ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில், கடைப்பெண் சசிரேகா பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து, பேட்டரியைப் பையில் போட்டுக்கொள்கிறாள்.

ஒரகடத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து நின்றவளை நம்பி வேலைக்கு வைத்ததைச் சொல்லிக்காட்டினார். சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அப்போதுதான் மாரிராஜ் உள்ளே வந்தான். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பின்னால் அவன் மனைவி மஞ்சுளா. அவள் தோளில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

மாரிராஜ் ஒரு பிளாஸ்டிக் வாத்தை மேசை மேல் வைத்தான். நேற்று சாயங்காலம் அவன் மச்சான் இந்தக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. காலையில் மஞ்சுளா சமைத்துக்கொண்டிருந்தபோது குழந்தையே அட்டையைக் கிழித்து எடுத்திருக்கிறான். அவள் வந்து பார்க்கையில் வாத்தின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை. குழந்தை எதையோ மென்றுகொண்டிருந்தான்.

ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். மாரிராஜ் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பேட்டரி தொண்டையில் நின்றால் ரெண்டு மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் இல்ல. அட்டையத்தான் மென்னிருக்கான்" என்றான் மாரிராஜ். "ஆனா வீட்டையே புரட்டிப் பாத்துட்டோம், பேட்டரி எங்கயும் கிடைக்கல. எந்த மூலையில கிடக்கோ, மறுபடி இவன் கையில சிக்குமோன்னு இவளுக்குப் பிள்ளையக் கீழ இறக்கவே பயமா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விக்கும்போது இதுல பேட்டரி இருந்துச்சா?"

தணிகாசலம் வாத்தைத் திருப்பிப் பார்த்தார். மூடிக்கு ஸ்க்ரூ இல்லை. விரலால் தள்ளினாலே திறந்தது.

"இல்லக்கா" என்றாள் சசிரேகா, மஞ்சுளாவைப் பார்த்து. "நான்தான் எடுத்துட்டேன். ஸ்க்ரூ இல்லாத பொம்மைங்க எல்லாத்துலயும் எடுத்துட்டுத்தான் வெப்பேன். பயப்படாம வூட்டுக்குப் போங்க."

மஞ்சுளா அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டி சசிரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து தோளைவிட்டு இறக்காத குழந்தையை மெதுவாக மடியில் கிடத்தினாள்.

சரக்கு வந்த அன்றைக்கே சசிரேகா முதலாளியிடம் சொல்லிப் பார்த்தவள்தான். கம்பெனியில் இந்தப் பேட்டரிகளோடு வேலை பார்த்தவளுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் பாடு, எரியாத பொம்மையை எவன் வாங்குவான் என்று அவர் அடக்கிவிட்டார். இன்றைக்குக் காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவார் என்றுதான் பேசாமல் நின்றாள்.

மாரிராஜ் இருவரையும் பார்த்துக் கைகூப்பினான். வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி, இப்படி ஒரு பொண்ணா என்று வியந்தாள்.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொயந்தைங்க விசயமாச்சே சார். நான்தான் எடுக்கச் சொல்லி வெச்சிக்கீறேன். நீ போய் வேலையப் பாரும்மா."

சசிரேகாவுக்குக் கோபம் வரவில்லை. நாலு பேர் முன்னால் அவரே சொல்லிவிட்டார். இனி அவள் திருட வேண்டியதில்லை.