கல்யாணப் படத்தில் பச்சை உடை

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கணினி பழுதுபார்க்கும் நர்ஜிஸ், ஒரு மடிக்கணினியிலிருந்து வைரஸை விரட்டி முடிக்க மதியமாகிவிட்டது. ஆனால் வைரஸ் மறைத்துவைத்திருந்த கல்யாணப் படங்கள் மட்டும் தென்படவில்லை. காலையில் மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்த புது மாப்பிள்ளையிடம் வேறு பிரதியும் கிடையாது. இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டி அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் மீட்டாள்.

சரிபார்க்கத் திறந்த முதல் படத்தில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவே, பச்சை உடையில் அவளே ஆடிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. அவளிடம் பச்சை உடையும் இல்லை.

சாயங்காலம் அதை வாங்கிப்போக மணப்பெண் துர்ரா வந்தாள். நர்ஜிஸ் முன்பின் பார்த்திராதவள். வாசலிலேயே கூவினாள்.

"ஐயோ, நீங்கதானா அக்கா! அன்னிக்கு என் மாமியாரையே இழுத்து ஆடவெச்சுட்டீங்களே!"

"நானா? எனக்கு ஆடவே வராதும்மா."

"சும்மா கதை விடாதீங்க! அந்தக் கடைசி ஆட்டத்த இன்னொரு தடவ காட்டுங்க. எங்க வீட்ல ஒருத்தருக்கும் வரமாட்டேங்குது."

துர்ரா கைதட்டித் தாளம் போட்டாள். மறுத்துச் சொல்ல எழுந்த நர்ஜிஸின் கால்கள் ஒரு அடிகூடப் பிசகாமல் ஆடத் தொடங்கின. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"இப்ப தோளக் குலுக்கு," என்று சொல்லிக்கொடுத்தவள் நர்ஜிஸ்தான்.