ஸ்தோத்திரச் சீட்டு

"கையெழுத்து மட்டும் கேக்காதியும் தம்பி. மரச்சீனிக் கிழங்கு ஆறுது, தின்னும்."

புஷ்பபாய் தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். ஜெயச்சந்திரன் தட்டைப் பார்த்தான், பக்கத்தில் கிடந்த மனுவைப் பார்த்தான். தின்னத் தோன்றவில்லை.

நாகர்கோவிலில் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர் அவன். மூன்று மாதமாகப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடையாய் நடந்திருந்தான். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தின் தலைவர் பொன்னுதாஸ் காவலிலிருந்து தப்பியோடி, ஆற்று வெள்ளத்தில் விழுந்து செத்தார், உடல் கடலுக்குப் போய்விட்டது என்றது போலீஸ். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? அடித்துத் துவைத்து, மூச்சு நின்றுவிட்டதென்று பாலத்திலிருந்து வீசினோம் என்று போலீஸ் வண்டி ஓட்டியவனே ஜெயச்சந்திரனிடம் அழுதிருந்தான். நான்கு வாரம் தொடர்ந்து எழுதியதில் திருவனந்தபுரம் சர்க்காரே ஆடிப்போனது.

இனி சர்க்கார் விசாரணை வைக்க வேண்டும். அதற்கு, பொன்னுதாஸைப் போலீஸ் கொன்றது என்ற மனுவில் அவர் மனைவி புஷ்பபாயின் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை மனு போகாவிட்டால் அத்தனை உழைப்பும் ஆற்றோடு போனதுதான்.

"யாராவது மிரட்டினாவளா அக்கா?"

"இல்ல தம்பி. முன்னெல்லாம் போலீசு நேரங்காலம் இல்லாம வீட்டுக்குள்ள ஏறி வரும். நெல்லு போடுத பத்தாயத்தக்கூட விடாம தெறந்து பாப்பினும். நீரு எழுதின பொறவாக்கும் நாங்க நிம்மதியா ஒறங்குனது. அந்த நன்றி சாவுவரைக்கும் உண்டு."

"அப்படீன்னா போட்டுத் தாங்க."

"இதுல ஆண்டவர்மேல சத்தியம்னு எழுதியிருக்கு. என்னால முடியாது."

"உண்மைக்குச் சத்தியம் பண்ண என்ன பயம்?"

அவள் மனுவை மடித்து அவன் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு ஞாயிறு. கோயிலுக்கு வாரும் தம்பி. உம்ம பேருல ஒரு காணிக்கை வைக்கணும். அது முடிஞ்சு எனக்கு அம்பூரிக்குப் போவணும், தங்கச்சி வீட்டுக்கு."

ஊரே அப்படித்தான் இருந்தது. தேவாலயத்து எலியா உபதேசியார் அவனைக் கட்டிப்பிடித்து, "நீரு நல்லா இருக்கணும் மக்கா" என்றார். டீக்கடை கிருஷ்ணன்குட்டி கேட்காமலே பழம்பொரி கொண்டுவந்து வைத்தான். சாட்சி சொல்ல வாருங்கள் என்றால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

வாய் நிறைய நன்றி சொல்லி என்ன புண்ணியம்? ஜெயச்சந்திரனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தங்கியிருந்த அறைக்குப் போனதும் குறிப்பேட்டில் அடுத்த வாரக் கட்டுரையின் தலைப்பை எழுதினான்: 'போலீசுக்கு விலைபோன விதவை.'

மறுநாள் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மனு சட்டைப்பையில் இருந்தது. ஆராதனை முடிந்து, சபையார் முன்னாலேயே கேட்டால் மறுக்கமாட்டாள் என்பது அவன் கணக்கு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர்கள், எதற்காக நன்றி என்று ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கையோடு வைப்பார்கள். அதை உபதேசியார் வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். எதை உரக்க வாசிக்கலாம், எதை ஆண்டவருக்கு மட்டும் விட்டுவிடலாம் என்பது எலியாவுக்குத் தெரியும். அன்று அவருக்குக் காய்ச்சல். போன வாரம்தான் நெல்லைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த போதகரே சீட்டுகளைக் கையில் எடுத்தார்.

"சகோதரி லீலாபாய், பசு சுகமாய்க் கன்று ஈன்றதற்காக, ஒரு படி பால்."

"ஆமென்."

"சகோதரி புஷ்பபாய், எங்கள் வீட்டுக்கு நிம்மதி தந்த பத்திரிகைத் தம்பிக்காக, ஐந்து தேங்காய்."

"ஆமென்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். ஜெயச்சந்திரனுக்குக் குறிப்பேட்டில் எழுதிய தலைப்பை நினைத்து வெட்கமாக இருந்தது.

போதகர் அடுத்த சீட்டைப் பிரித்தார்.

"அதே சகோதரி, தன் கணவர் பொன்னுதாஸ் இன்று நாற்பதாவது வயதில் சுகத்தோடு பிரவேசிக்க ஆண்டவர் செய்த கிருபைக்காக, ஒரு குலை ஏத்தன் வாழைப்பழம்."

ஆமென் வரவில்லை. முன்வரிசையில் புஷ்பபாய் தலை குனிந்தாள், சபை மொத்தமும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது.

சட்டைப்பையில் இருந்த மனுவை எடுத்து நான்காகக் கிழித்துக்கொண்டே, "ஆமென்" என்றான் ஜெயச்சந்திரன்.