ரேகை வைக்கும் நேரம்

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களுக்காகக் கம்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பு நடக்கிறது. மதுரை வக்கீல் இன்றும் நேரத்தை மறந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவனுடைய உடம்பு அவனுக்கே சொந்தம், குற்றம் செய்யாதவனைச் சட்டம் தொடக் கூடாது என்கிறார். ஒச்சாண்டியின் கண்ணோ சன்னல் கம்பிகளைத் தாண்டி மேற்கு மலையில் கிடக்கிறது. முகட்டுக்கு மேலே சூரியன் ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. இந்தப் பக்கம் பொழுது மெல்ல இறங்காது, மலைக்குப் பின்னால் விழுந்துவிடும். விழுவதற்குள் அவன் ஒரு மைல் ஓடி, எல்லா நாளும் போல ஊர்ச் சாவடியில் போலீஸ்காரர் முன்னால் கைரேகை வைத்தாக வேண்டும். அவன் சாதியில் பிறந்த ஆண்களுக்கென்று வெள்ளைக்கார சர்க்கார் போட்ட சட்டம் அது. தவறினால் சிறை. பெஞ்சுக்கடியில் அவன் கால்கள் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டன. முன்வரிசையில் ஒருவன் சந்தேகம் கேட்கிறான். வக்கீல் மகிழ்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். வேப்பம்பூ வாசனையோடு அனல்காற்று வந்து புத்தகத் தாள்களைப் புரட்டிவிட்டுப் போகிறது.

ஒருவழியாக வருகைப் புத்தகத்தைத் திறந்து வைக்கிறார்கள். பக்கத்தில் பேனாவும், பள்ளிக்கூட முத்திரைக்கான மைப்பெட்டியும் இருக்கின்றன. சூரியன் முகட்டைத் தொட்டுவிட்டது. சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒச்சாண்டி குனிகிறான். அவன் இடது கட்டைவிரல் மையில் அழுந்தி, தாளில் உருண்டு எழுகிறது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

"ஏம்ப்பா, பி.ஏ. படிக்கிற. கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்கிறார் வக்கீல்.

ஒச்சாண்டி தன் விரலைப் பார்க்கிறான்.

"தெரியும்யா. சாவடியில இதத்தான் கேக்காக."

அவன் நிமிரும்போது மலைமேல் சூரியன் இல்லை.