ஒன்பதாம் எண் பூட்டு

பூட்டின் கழுத்தில் போல்ட் கட்டரின் வாயை வைத்தாயிற்று. இரண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரே ஓர் அழுத்து. தங்கையின் கணவன் அடையாளம் தெரியாமல் போய்விடுவான்.

இன்ஜினியர் இருபது வருடமாக எரிவாயுக் கிணறுகளோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். பூட்டு தொங்கும் அந்த வால்வுக்குப் பின்னால், லாரி டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தில் வாயு முட்டிக்கொண்டு நிற்கிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குழிக்குள், அதே குழாயின் மூட்டைக் கழற்றிப் போட்டு மாப்பிள்ளை வேலை செய்துகொண்டிருக்கிறான். வால்வைத் திறந்தால் குழாய் பீரங்கிதான்.

காலையில் உடை மாற்றும் அறையில் வைத்தே அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். "இன்னொரு தடவை என் தங்கச்சி மேல கை வச்சே, இருக்காது அந்தக் கை!" சொல்லி முடிக்கும் முன் மூக்கில் ஒரு குத்தும் விழுந்தது.

மாப்பிள்ளை ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அடிக்கிற கைதான் அணைக்கும் மச்சான். உங்க தங்கச்சிக்கும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

சிரிப்பு மாறாமல் வெளியே போய், வால்வில் இன்ஜினியரின் பூட்டுக்குப் பக்கத்தில் தன் பூட்டையும் போட்டான். அங்கே அதுதான் சட்டம். குழாயில் வேலை செய்கிறவன் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்; அவன் திரும்பி வந்து எடுக்கும் வரை பெரிய முதலாளியே வந்தாலும் வால்வைத் தொடக் கூடாது. ஆளுக்கு ஓர் எண். பூட்டிலும் அதே எண், மார்பில் மாட்டிக்கொண்டு போகிற வாயு அளக்கும் கருவியிலும் அதே எண். மாப்பிள்ளைக்கு ஒன்பது.

"வேலை முடியாம இதை எடுக்க மாட்டேன் மச்சான்" என்றான் பவ்யமாக.

"துணைக்கு ஆள் வேணாம்னுட்டான் சார். ஒண்டியாவே பார்த்துக்குவானாம்" என்றார் ஃபோர்மேன்.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இன்ஜினியர் தலையாட்டினார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பகல் பொழுது. தங்கையிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தார். "அவன் பூட்டு என் ஜன்னலுக்கு நேரா தொங்குற வரைக்கும் அவன் இங்கதான் இருக்கான்னு அர்த்தம். அதுக்குள்ள பெட்டியைக் கட்டிரு. பன்னெண்டு மணிக்கு வண்டி வரும்."

பத்தரைக்கு ஆபீஸ் அறையில் போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணா, பூட்டு இருக்கா?"

"இருக்கும்மா. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். கட்டி முடிச்சிட்டியா?"

"ஒரு கையால கட்டுறேன்ணா. அதான் லேட்டாவுது."

"இன்னொரு கைக்கு என்ன?"

"நேத்து கதவிடுக்குல வச்சுச் சாத்திட்டார். ரெண்டு தடவை. முதல் தடவை எலும்பு உடையலைன்னு."

இன்ஜினியர் போனை மேசையில் வைத்துவிட்டு நேராகக் கருவி அறைக்குப் போனார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. போல்ட் கட்டர் எங்கே இருக்கும் என்பதுகூட மறந்துபோனது. அலமாரியைக் குடைந்தார், பெட்டிகளை உதைத்துத் தள்ளினார். சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வாயு அளக்கும் கருவிகள் இரண்டு, ஐந்து, ஒன்பது என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்க, கட்டர் கடைசியில் கதவுக்குப் பின்னால் இருந்தது.

தன் பூட்டைச் சாவி போட்டுக் கழற்றினார். ஒன்பதாம் எண்ணின் கழுத்தில் கட்டரை வைத்தார். வெட்டிய பூட்டைக் கழிவுநீர்க் குட்டையில் எறிந்துவிட்டால் ஆயிற்று. பூட்டுப் போட மறந்த முட்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள், எல்லாம் முடிந்துவிடும்.

கை அழுத்தியது. பூட்டின் கம்பியில் பல் பதிந்தது.

அப்போதுதான் பழைய நினைப்பு ஒன்று குறுக்கே வந்தது. இதே போல் குழாய் வெடித்துச் செத்துப்போன ஒருவனை, சக தொழிலாளி ஒருவனை, அவர் தன் கையால் கோணிப்பையில் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். ஆள் உள்ளே இருக்கும்போது இந்த இருபது வருடத்தில் ஒரு பூட்டைக்கூட அவர் வெட்டியதில்லை.

"சீ!" என்று கட்டரைத் தூர எறிந்தார். தன் பூட்டை மறுபடியும் மாட்டினார். சட்டை முழுக்க வியர்வை. கொலைகாரனாகாமல் மயிரிழையில் தப்பினோம் என்று உடம்பு லேசானது. அழுகைகூட வந்தது.

ஆபீஸுக்குத் திரும்பித் தங்கையை அழைத்தார். மணி வெகுநேரம் அடித்த பிறகு போன் எடுக்கப்பட்டது.

"பயப்படாதம்மா. அவன் பூட்டு அப்படியே தொங்குது. அவன் உசிரு இப்ப என் கையில இருந்துச்சு, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். நீ நிதானமா கிளம்பு."

மறுமுனையில் யாரோ கை கழுவுவது போலத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம்.

"வேலை முடிஞ்சிருச்சு மச்சான். என் பூட்டை நீங்களே வெட்டிருங்க."