டயருக்கடியில் எலுமிச்சம்பழம்

பழைய கார் விற்கும் கடையில், சின்னக் கார் ஒன்றின் டயருக்கடியில் பூஜைக்காக வைத்த எலுமிச்சம்பழம், வண்டி கிளம்பினால் நசுங்கிவிடுவோமே என்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதே," என்றது கார். "என்னை வாங்க வந்த அருணகிரி டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள என் விலை ஐம்பதாயிரம் ஏறிடுச்சு. அந்த ஆளால வாங்க முடியாது."

"உங்க கதவையே கயித்தாலதானே கட்டியிருக்காங்க, அண்ணே!"

"கயிறு புதுசுடா. அதையும் சேர்த்துதான் விலை."

திரும்பி வந்த அருணகிரி புது விலையைக் கேட்டார். "போன வருஷம் நானே இதைப் பாதி விலைக்குத்தானே வித்தேன்!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

தப்பித்தோம் என்று எலுமிச்சம்பழம் மூச்சுவிடுவதற்குள், அவர் மனைவி செண்பகம் குனிந்து அதை எடுத்தாள். கடைக்காரர் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கிப் பழத்தை இரண்டாகப் பிளந்தாள். புருஷனின் உச்சந்தலையில் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.