ஒரே ஜன்னல், ஒரே வசனம்

விளக்கை அணைத்ததும் லென்ஸ் தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கிட்ட உட்கார்ந்தால் சினிமா அதிகம் தெரியும் என்று அவனுக்கு எண்ணம்.

எந்தப் பேச்சையும் இரண்டாவது வாக்கியத்திலேயே லென்ஸில் கொண்டுபோய் நிறுத்துவான். அதனால் எங்கள் மாலை நேரச் சினிமா வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது.

எங்கள் வகுப்பு ஒரு குறும்படம் எடுக்கப்போகிறது. சேர்ந்த நாளிலிருந்து எடுக்கப்போகிறது. கதை தயார். எந்தக் கேமராவில் எடுப்பது என்பதில்தான் சண்டை, ஏனென்றால் யாருடைய கேமராவோ அவர்தான் ஒளிப்பதிவு.

லென்ஸிடம் பெரிய சினிமா கேமரா இருக்கிறது. அதை அவன் தோளிலிருந்து இறக்கி வைத்து யாரும் பார்த்ததில்லை, எதையாவது படம் பிடித்தும் பார்த்ததில்லை. கூடப் படிக்கும் பல் டாக்டரம்மாவிடம் உள்ளங்கையில் அடங்கும் புதுக் கேமரா. வகுப்பு அலமாரியில், கல்யாண வீடியோ எடுத்து ஓய்ந்துபோன பழையது ஒன்று.

சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னது நான். எதையும் முறையாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முறையாகச் செய்தாலும் சரியாகச் செய்தேனா என்று வராது.

ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், ஒரே முகம், ஒரே வசனம். மூன்று கேமராவையும் ஒரு நாள் இரவல் வாங்கி நானே எடுத்து, எது யாருடையது என்று சொல்லாமல், நம்பர் மட்டும் போட்டுக் காட்டுவேன்.

முகத்துக்கு என் அக்காவை உட்காரவைத்தேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். "நல்லா வந்தா படத்துல என்னையே போடுவீங்கல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதைச் சாதாரணமாகக் கேட்பதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

கதையில் வீட்டை விட்டுப் போகிற பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய வசனத்தையே கொடுத்தேன்: "கதவைச் சாத்தாதே, வந்துடுவேன்."

மூன்று தடவையும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சோதனை அல்லவா?

இன்று அவள் கடையிலிருந்து நேரே வந்து, இருட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்று ஓடியது. இரண்டு ஓடியது. மூன்று ஓடியது.

"ஒண்ணாம் நம்பர் நம்மளுது," என்றான் லென்ஸ். "பெத்த புள்ளைய எனக்குத் தெரியாதா? அந்த நிழல்ல எவ்ளோ ஆழம் பாருங்க!"

"ஆழமா? கரி அப்பின மாதிரி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ரெண்டாம் நம்பர்ல கன்னத்தைப் பாருங்க தம்பி, ரத்தம் ஓடுது. மூணாவது பேசவே வேணாம். மாப்பிள்ளை அழைப்பு."

மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். லென்ஸ் எழுந்துபோய் அக்காவின் மூக்கடியில் பேனாவை வைத்து விளக்கினான். அவனுடைய தலை நிழல் அவள் வாயை மறைத்தது. அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

இவர்கள் மாம்பழத்தை வாங்கி, வாயில் வைக்காமல், தோலின் தரம் பற்றிச் சாகும்வரை பேசுகிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்றாம் நம்பரில் கன்னம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. கை தூக்கி அதைச் சொல்லவும் செய்தேன்.

அதுவரை போனில் இருந்த, வகுப்பு எடுக்கும் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"கேமரா எது வேணா எடுத்துக்குங்கப்பா. அந்தப் பொண்ணு மட்டும் வேண்டாம். மூணு தடவையும் அச்சடிச்ச மாதிரி அதே பார்வை, அதே இழுப்பு. ஸ்விட்ச் போட்டா பேசுற பொம்மை."

"கரெக்ட் சார்," என்றான் லென்ஸ். "அதுலயும் மூணாவதுல கொஞ்சம் ஓவர் ஆக்டிங்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சு மறுபடி நிழலுக்குப் போய்விட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டேன்.

விளக்கு எரிந்தபோது கடைசி வரிசை காலி.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா மாடிப்படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ஒரே மாதிரி சொல்லச் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"நீ சொன்னே. நான் கேட்டேனா?" என்றாள். "மொதல்ல நிஜமாவே திரும்பி வரப்போறவ மாதிரி சொன்னேன். அப்புறம் கோவத்துல. கடைசியா, வரவே மாட்டோம்னு தெரிஞ்சு சொன்னேன். நீ எதுக்குடா மொதல்ல சொன்னதையே மூணு தடவை போட்டே?"

படியிலேயே கணினியைத் திறந்து மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். மூன்று ஜன்னல்களிலும் திரைச்சீலை ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்கியது. மூன்று அக்காக்களும் ஒன்றாகக் கண்ணை இமைத்தார்கள். ஒரே கேமராவின் கார்டிலிருந்து மூன்று முறை பிரதி எடுத்து, வெகு ஒழுங்காக நம்பர் போட்டு வைத்திருந்தேன்.

மேலே லென்ஸ் இன்னும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

"எடுக்கும்போது எனக்கு நேரா நீதானடா நின்னே," என்றாள் அக்கா. "உனக்குக் கூடவா கேக்கல?"

நின்றேன். மூன்று தடவையும் ஜன்னல் வெளிச்சம் மாறாமல் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தேன்.